மாமியார் கட்டிய சாக்கு

உறைபனி விழுமுன் ஹைட்ராஞ்சியாவுக்குச் சாக்கு கட்டிவிட, வெர்மான்ட்டிலிருந்து கேப் காட் கடற்கரையில் இருக்கும் மகள் வீடு வரை காரோட்டி வந்துவிட்டாள் மாமியார் வினிஃப்ரெட். கல்யாணத்துக்கு அவள் கொடுத்த செடி. வருஷா வருஷம் இலை தழைக்கும். பூ மட்டும் கிடையாது.

“விளக்குமாத்தை நட்டிருந்தாக்கூட இந்நேரம் பூத்திருக்கும், மாப்பிள்ளே” என்றாள், செடியைச் சுற்றிய கம்பி வலைக்குள் ஓக் சருகை அமுக்கியபடி.

“என் கைராசி அப்படி, அத்தை” என்றான் எவரெட்.

“பழைய கிளையோட நுனி மொட்டுலதான் அடுத்த வருஷப் பூ. அது பனியில கருகாம இருந்தாப் போதும். ஒரு தடவை பூத்துட்டா எனக்கு விடுதலை. வேலையில்லாத வீட்டுல வந்து விருந்தாடுறவ நான் இல்ல.”

சாக்கை இறுக்கிக் கட்டினாள். மட்டிச் சிப்பி சூப்பில் உப்பில்லை, மருமகன் தலையில் முடியில்லை என்று இரண்டு நாள் குறை சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கார் தெருமுனை திரும்பியதும் எவரெட் கத்தரியோடு தோட்டத்துக்குப் போனான். சாக்கை அவிழ்த்து, நுனி மொட்டுகளை ஒவ்வொன்றாக நறுக்கினான்.

பின்னாலேயே வந்த மனைவி லோர்னா திகைத்து நின்றாள். “வருஷா வருஷம் இதுதான் நடக்குதா? எங்கம்மா மேல அவ்வளவு கோவமா உனக்கு?”

“பூத்துட்டா வர்றதை நிறுத்திடுவாங்க, லோர்னா. அப்புறம் அந்த வீட்டுல தனியா உட்காந்து யாரைத் திட்டுவாங்க?”

லோர்னா குனிந்து செடியைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் ஒரு மொட்டை விட்டுட்டியே” என்றாள்.