மங்கிய பச்சை

டைமர் அலறியதும் குழலி சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினாள். புரதம் இயங்கும்வரை ஒளிரும் பச்சை மங்கியிருந்தது. செல்லுக்குள் சுவிட்ச் போல இயங்கும் அந்தப் புரதம், துணையில்லாமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டிருந்தது. அதை அணைக்கும் வேறொரு புரதத்தைத் தேடியே ஐந்து வருடம் கழித்திருந்த தேவசகாயத்துக்கு வயிறு எரிந்தது. ஆய்வகத்துக்கு வந்து ஏழே மாதமான பெண்.

“குழாய் சுத்தமில்ல” என்றான்.

“அப்ப நீங்களே கலக்குங்கண்ணா. உங்க கை சுத்தம்தானே?”

அவள் முடிவு பொய்க்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே புதுக் குழாயில் கலந்தான். மறுபடியும் ஒளி மங்கியது.

“உனக்கு ஒரு தடவைகூட இப்படி வரலையாப்பா?” என்று தேவசகாயத்திடம் கேட்டார், அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியை மைதிலி.

“வந்துச்சு மேடம். கெட்டுப்போச்சுன்னு மூணு தடவையும் கொட்டிட்டேன்.”