சாக்ஸ் வியாபாரம்

"நோ பெயின்?" என்று குனிந்து பார்த்துக் கேட்டாள் அந்த வெள்ளைக்காரப் பெண். பங்குனி மாத உச்சி வெயிலில், ஸ்ரீரங்கம் கோயில் வாசல் கருங்கல்லில் வெறுங்காலோடு நின்றிருந்த நல்லதம்பி, "நோ பெயின்" என்று சிரித்தான்.

அவ்வளவுதான். பஸ்ஸில் வந்த இருபது பேரும் அவனைப் படம் பிடித்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, அவனிடமே ஆளுக்கொரு ஜோடி சாக்ஸ் வாங்கி மாட்டிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள்.

பத்தடி தள்ளி நின்ற அடைக்கலத்துக்கு வயிறு எரிந்தது. அதே சாக்ஸ், அதே விலை. கல் சூட்டுக்குச் சுற்றுலாக்காரர்களிடம் சாக்ஸ் விற்கலாம் என்று இந்த வாசலில் முதலில் கண்டுபிடித்ததே அவர்தான். இந்த சீசனும் கைவிட்டால் மறுபடி காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கத்தான் போக வேண்டும். ஐம்பத்தைந்து வயது முதுகு அதைத் தாங்காது.

எல்லாம் அந்தக் கால் பண்ணுகிற வேலை! நல்லதம்பி செருப்புப் போட்டு வருகிற நாளிலும், அது வழியில் கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வந்து நிற்பான். வியாபாரத்தில் அத்தனை வெறி.

"குடுத்து வச்சவன்டா நீ" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த பஸ் வந்தது. அவனால் முடிவது நம்மால் முடியாதா என்று அடைக்கலம் செருப்பை உதறினார். கல்லில் கால் வைத்து, "நோ பெயின்" என்று சிரிக்கப் பார்த்தார்.

பத்து எண்ணுவதற்குள் கண்ணில் நீர் முட்டியது. இருபதில், "ஐயோ அம்மா!" என்று அலறிக்கொண்டு நிழலுக்கு ஓடி உட்கார்ந்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்திருந்தன.

நல்லதம்பி வியாபாரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் காலில் ஊற்றினான்.

"அந்த வித்தைய எனக்கும் சொல்லிக் குடேண்டா. என்ன தைலம் தடவுற?"

"தைலமா? சக்கர வியாதிண்ணே. மூணு வருஷமா கால்ல உணர்ச்சியே இல்ல." தன் பாதத்தைத் திருப்பிக் காட்டினான். பழைய புண், புதுப் புண், நடுவில் ஒரு கண்ணாடிச் சில்லு. அது குத்தியிருப்பதே அவனுக்குத் தெரியவில்லை.

அவன் அடைக்கலத்தின் கொப்புளத்தையே ஏக்கத்தோடு பார்த்தான்.

"உங்களுக்குச் சுடுதுல்ல? குடுத்து வச்சவருண்ணே நீங்க!"