கேஸ் போன வண்டி

ஏ.சி.யில் அனல் வருகிறது என்று அந்த அம்மா மறுபடியும் சொன்னதும், ஆம்புலன்ஸைச் சாலையோர மரநிழலில் ஒதுக்கினேன்.

பின்னால் ஸ்ட்ரெச்சரில் கிடந்தது அவருடைய மகன். இதயம் பலவீனம். சூடு ஆகவே ஆகாது, பெரிய ஆஸ்பத்திரி சேரும்வரை குளுமையாக வைத்துக்கொள் என்று டாக்டர் என்னிடம்தான் சொல்லி அனுப்பியிருந்தார். பாதி வழிகூட வரவில்லை. பின்பக்கக் கண்ணாடிகள் திறக்காத வகை.

ஒரு பக்கம் அம்மா, எக்ஸ்ரே உறையால் விசிறிக்கொண்டிருந்தார். மறுபக்கம் மனைவி, கணவருடைய மணிக்கட்டைப் பிடித்தபடி.

காற்றுக்காகப் பின்கதவைத் திறந்துவிட்டு முன்னால் வந்தேன். பதறினால் வேலை ஆகாது. ஒன்றொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏ.சி. திருகு குளிருக்கான நீலத்தில்தான் இருந்தது. காற்றும் பலமாக வந்தது. குளிர்ச்சிதான் இல்லை.

பானெட்டைத் தூக்கினேன். விசிறி சுற்றியது. ஆனால் ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரஸரில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. ரிலே போயிருக்கலாம் என்று ஹாரனுடைய ரிலேயைக் கழற்றி இதில் மாட்டினேன். ஹாரன் இல்லாவிட்டால் என்ன, சைரன் இருக்கிறது. அப்போதும் சத்தம் இல்லை.

“தம்பி, சரியாயிடுச்சு போல. புள்ளைக்கு வேர்வை அடங்கிடுச்சு” என்றார் அம்மா, உள்ளிருந்து.

முன்சீட்டுக்கு ஓடிப்போய்க் காற்று வரும் இடத்தில் கை வைத்தேன். அதே அனல். பெற்ற மனசுக்கு அப்படித் தோன்றுகிறது என்று விட்டுவிட்டேன்.

“அக்கா, இதோ முடிஞ்சுடும்” என்று பின்பக்கமாகக் குரல் கொடுத்தேன்.

“பரவாயில்ல தம்பி. நிதானமாவே பாருங்க” என்றார் நோயாளியின் மனைவி.

நல்ல மனுஷி. வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் என் சட்டையைப் பிடித்திருப்பார்கள்.

கடைசியாக ஏ.சி. குழாயின் மூடியைத் திருகி, சாவி முனையால் வால்வை அழுத்தினேன். 'உஸ்' என்று கேஸ் சீறியிருக்க வேண்டும். ஒரு பெருமூச்சுகூட வரவில்லை.

முதலாளிக்குப் போன் போட்டேன். லாரி இரைச்சலில் கத்தத்தான் வேண்டியிருந்தது.

“அண்ணே, கேஸ் போயிடுச்சு.”

“வழியிலேயேவா? வீட்டு ஆளுங்க என்னடா சொல்றாங்க?” என்றார்.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில், ஏற்றிக்கொண்டு போகிற நோயாளிக்கும் கேஸ் என்றுதான் பேர்.

“ஏ.சி. கேஸுண்ணே. ஆளுக்கு ஒண்ணும் இல்ல” என்றேன், குரலைத் தாழ்த்தி.

“அதைச் சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? இங்க எனக்கே உசுரு போயிடுச்சு.”

வேறு வண்டி அனுப்புவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

பின்கதவு திறந்தே கிடக்கிறது. கத்திச் சொன்னது உள்ளே விழுந்திருக்கும். மெல்லச் சொன்னது விழுந்திருக்காது.

அதற்குள் மனைவி இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார். அழவில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அக்கா, மன்னிச்சுக்குங்க. நான் சொன்னது...”

அவர் கையமர்த்தினார். பின்கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“மெதுவாப் பேசுங்க தம்பி. நீங்க உள்ள வந்து பாக்கவே இல்லையே, எப்படித் தெரிஞ்சுது?”

நான் பின்கதவுப் பக்கம் ஓரடி வைத்தேன்.

“அத்தைக்கு இன்னும் தெரியாது. விசிறிட்டிருக்காங்க. கொஞ்ச நேரம் விசிறட்டும்.”