தனியாகப் போகும் உரிமை

“வண்டியில உங்ககூட யாராவது இருக்காங்களா சார்?”

சாலையோரம் நிறுத்தப்பட்ட காரின் முன் ஜன்னலில் குனிந்து கேட்டாள் நெடுஞ்சாலைப் போலீஸ்காரி. சட்டையில் ‘ஒச்சோவா’ என்று பெயர் குத்தியிருந்தது.

“யாரும் இல்ல மேடம். தனியா போறதுக்குன்னுதானே இந்தக் காரையே வாங்கினேன்” என்றான் டிக்ரான்.

அது பொய்யில்லை. நாலு வருஷத்துக்கு முன்வரை அவன் தினமும் வீடு இருக்கும் கிரனடா ஹில்ஸிலிருந்து மலையைத் தாண்டி கல்வர் சிட்டி ஆபீசுக்கு, உடன் வேலை பார்க்கும் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டுதான் போவான். வண்டியில் இரண்டு பேராவது இருந்தால்தான் இடது ஓரத்துக் கார்பூல் தடத்தில் பறக்க முடியும். மற்றவர்கள் பக்கத்துத் தடங்களில் ஆமையாய் ஊர்வார்கள். ஒருத்தியின் வாசனைத் திரவியமும் இன்னொருவனின் முழங்கால் வலிக் கதைகளும் அதற்கு டிக்ரான் கொடுத்த விலை.

அப்புறம்தான் அந்த நல்ல சேதி அவன் காதில் விழுந்தது. மின்சாரக் கார் வாங்கி அரசாங்கம் தரும் ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டால் தனியாளாகவே அந்தத் தடத்தில் போகலாம். மறுவாரமே வாங்கிவிட்டான். இனி ஏற்றிக்கொள்ள முடியாது என்று இரண்டு பேரிடமும் சொன்னபோது, பூமியைப் பற்றியும் யோசிக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத் தலையை வேறு ஆட்டினான். அவர்கள் இருவரும் ஒரு பழைய வேனில் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள். ஒரு காரில் போன மூன்று பேர் இரண்டு வண்டியில் போனார்கள். பூமி அந்த அளவுக்குக் காப்பாற்றப்பட்டது. வார இறுதியில் படகை இழுத்துப் போக அவன் வீட்டில் நின்ற பெட்ரோல் குடிக்கும் பெரிய டிரக்கைப் பற்றி மட்டும் பூமியிடம் அவன் பேசவில்லை.

ஸ்டிக்கர் சலுகை முடிந்துவிட்டது, கொடுத்திருந்த அவகாசமும் போன வாரத்தோடு தீர்ந்தது என்று ஒச்சோவா விளக்கினாள். கடிதம் வந்திருக்குமே என்றாள்.

வந்திருந்தது. டிக்ரான் அதைப் படித்தும் இருந்தான். யார் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தான். இப்போது மாட்டிக்கொண்டதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“புகை விடாத வண்டி மேடம் இது. நாளைக்கு உங்க பிள்ளைங்க மூச்சு விடணும்னு நான் செலவு பண்ணியிருக்கேன். என்னைத் தண்டிக்கிறீங்க. புகையைக் கக்கிட்டுப் போறவனுக்குச் சலாம் போடுறீங்க.”

அந்த நேரம் பார்த்து, அந்தப் பழைய வேன் கார்பூல் தடத்தில் புகையைக் கக்கிக்கொண்டு கடந்து போனது. உள்ளிருந்து இரண்டு பேரும் உற்சாகமாகக் கையசைத்தார்கள். டிக்ரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“கூட ஒரு ஆளை ஏத்திக்கிட்டா பிரச்சினையே இல்லையே சார்” என்றாள் ஒச்சோவா, அபராதச் சீட்டை எழுதிக்கொண்டே.

“எனக்கு இன்னொரு ஆள் வண்டியில இருந்தாலே ஒத்துக்காது. காலையில இந்த ஒரு மணி நேரம்தான் எனக்குன்னு இருக்கு. மூளை அப்பதான் வேலை செய்யும். இன்னிக்குப் பேச வேண்டியது முழுக்க இப்பதான் மனசுல ஓட்டிட்டு வந்தேன். எதையும் மறக்காத ஆளுன்னு ஆபீஸ்ல எனக்குப் பேரு.”

அவளுடைய பேனா நகர்ந்துகொண்டிருந்தது.

“கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்க. ஒன்பது மணிக்குக் கூட்டத்துல உக்காந்தா மத்தியானம் ஒரு மணிக்குத்தான் எந்திரிப்பேன். அதுக்கு முன்னாடி மொட்டைமாடி பார்க்கிங்ல சார்ஜ் போட இடம் பிடிக்கணும்.”

டிசம்பர் என்று பேர்தான். பாலைவனக் காற்று மூன்று நாளாக வீசி ஊரை வறுத்துக்கொண்டிருந்தது. ஒச்சோவா நெற்றியைத் துடைத்துக்கொண்டு சீட்டை நீட்டினாள். வண்டியில் இருந்தவர்கள்: ஒருவர். டிக்ரான் அந்த இடத்தை இரண்டு முறை படித்து, கிறுக்கலாய்க் கையெழுத்துப் போட்டான். நீதிபதியையே நேரில் பார்த்துப் பேசிக்கொள்வதாகச் சொன்னான்.

அப்போது ஒரு கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அது ஓய்ந்ததும், காருக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு அழுகை கேட்டது.

சீட்டை மடிக்கப் போன டிக்ரானின் கை அப்படியே நின்றுவிட்டது.

ஒச்சோவா இரண்டே எட்டில் போய், கறுப்புக் கண்ணாடி போட்ட பின்கதவைத் திறந்தாள். பின்பக்கம் பார்த்தபடி பொருத்தியிருந்த குழந்தை இருக்கையில், பதினோரு மாத நாரே தூக்கம் கலைந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

தினமும் மகளைக் காப்பகத்தில் விடுவது அவன் மனைவி அனுஷ். இன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் அதிகாலை வேலை என்பதால் அவன்தான் விட வேண்டும். காப்பகத்துக்குத் திரும்பும் வழியைத் தாண்டி இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

 

ஒச்சோவா ஒரு முறை அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள். திரும்பி வந்து, அவன் விரல்களுக்கிடையிலிருந்து அபராதச் சீட்டை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“ரெண்டு பேர் சார். இந்தத் தடத்துல போக உங்களுக்கு ஸ்டிக்கரே தேவையில்ல.”