கார் மேல் ஈரத்துணி

"யாரோட துணி இது? என் கார் என்ன உங்க வீட்டுக் கொடிக்கயிறா?"

ஜவஹர் போட்ட சத்தத்தில் மேற்கு மாம்பலத்தின் அந்தச் சின்னச் சந்து மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

ஒரு மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தார். பெட்டியைக்கூட மாடிக்கு ஏற்றவில்லை. புங்கமரத்தடியில் உறை போட்டு நிறுத்திவிட்டுப் போன காரின் மேல் இரண்டு நைட்டி, ஒரு துப்பட்டா, ஒரு போர்வை. எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டு ஜஹீதா அவசரமாக ஓடி வந்தாள்.

"என்னுதுதான் அண்ணே. மன்னிச்சுக்குங்க. நீங்க இன்னிக்கு வர்றது தெரியாது."

"தெரிஞ்சிருந்தா எடுத்து மறைச்சிருப்பே. மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டி வச்சிருக்கியே, அங்க போடறதுதானே?"

"இங்க வெயில் நல்லா விழுதுண்ணே..."

ஜவஹர் அண்ணாந்து பார்த்தார். புங்கமரம் ஒரு பொட்டு வெயிலைக்கூடக் கீழே விடவில்லை. பொய் சொல்லவும் ஒரு திறமை வேண்டாமா என்று அவருக்கு எரிச்சல் இன்னும் ஏறியது.

"ஆள் ஊர்ல இல்லைன்னதும் இளிச்சவாயன் கார்னு நெனச்சுட்டே, இல்ல?"

ஜஹீதா துணியை வாளியில் அள்ளிக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டாள்.

ஜவஹருக்குக் கார் என்றால் உயிர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆசை ஆசையாக வாங்கியது. அடுக்குமாடியில் இடம் இல்லாததால் தெருவில் நிற்கிறது. அதற்காகத்தான் ஸ்டியரிங்குக்கு ஒரு இரும்புத் தடி, முன் சக்கரத்துக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு பூட்டு, தொட்டால் தெருவையே கூட்டும் அலாரம் என்று பார்த்துப் பார்த்து மாட்டியிருந்தார். ஊருக்குக் கிளம்பும்போது ஜஹீதா, "நான் வேணா பாத்துக்கறேன் அண்ணே" என்றபோதுகூட, "மனுஷங்கள நம்பி நான் காரை விடறதில்லம்மா" என்று சிரித்துவிட்டுத்தான் போனார்.

அவர் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. அவர் கிளம்பிப் பத்துப் பதினைந்து நாளில், பக்கத்தில் நின்ற ஹபீபுர் ரஹ்மானின் காரைப் பட்டப்பகலில் செங்கல் மேல் உட்காரவைத்துவிட்டு, நான்கு சக்கரத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மெக்கானிக் மாதிரி நீலச் சட்டை போட்டு வந்ததால், போனவர் வந்தவர் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜவஹர் கார் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது.

"பாய், நான் சொன்னப்பவே நீங்களும் பூட்டு வாங்கியிருக்கணும்" என்று ரஹ்மானிடம் சொல்லியபடியே சாவியில் இருந்த பட்டனை அழுத்தினார். கார் கீச்சென்றுகூடச் சொல்லவில்லை.

"ஓட்டாம நின்னா பேட்டரி இறங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு மிடுக்காக மாடி ஏறினார்.

மறுநாள் போலீஸ் ஜீப் வந்தது. பிடிபட்ட திருடனை இடம் காட்டச் சொல்லி அழைத்து வந்திருந்தார் எஸ்.ஐ. ஆரோக்கியமேரி. சந்தே கூடிவிட்டது. ஜவஹர் முன்வரிசையில் நின்றார்.

திருடன் ரஹ்மானின் காரைக் கை காட்டினான். அதற்கு மேல் ஜவஹரால் சும்மா இருக்க முடியவில்லை.

"மேடம், ஒரே ஒரு கேள்வி. ஏம்பா, பக்கத்துலயே என் கார் நின்னுச்சே. எதைப் பாத்துப் பயந்தே? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு."

திருடன் எஸ்.ஐ.யைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"இன்னாத்துக்கு சார் பயப்படணும்? ஒரு வீலுக்குத்தானே பூட்டு போட்டுகீற. மிச்சம் மூணும் சும்மாதானே கீது."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அப்ப அலாரம்?"

"அன்னிக்கே வண்டிய ஆட்டிப் பாத்தோம். மூச்சே வுடல. நாளைக்கு வந்து கழட்டிக்கலாம்னு போய்ட்டோம்."

"அப்புறம் ஏன் வரல?"

"வந்தோமே! எப்ப வந்தாலும் வண்டி மேல துணி சொட்டிக்கினு கெடந்துச்சு. ஈரத்துணி கெடந்தா, இப்பத்தான் யாரோ போட்டுட்டு உள்ள போயிருக்காங்கன்னு அர்த்தம். எப்ப வேணா வெளிய வருவாங்க. ஆளு பொழங்குற வண்டில எவன் சார் கைய வைப்பான்?"

சந்து மொத்தமும் ஜஹீதாவின் வீட்டைத் திரும்பிப் பார்த்தது. ஜவஹர் மட்டும் தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் எதிர் வீட்டு மணியை அவர் அடித்தார்.

"தப்பாப் பேசிட்டேம்மா. அத்தனை பேர் முன்னாடி... நேத்தே நீ சொல்லியிருக்கலாமே?"

"பூட்டுதான் காப்பாத்துச்சுன்னு சந்தோஷமா இருந்தீங்க. அதை ஏண்ணே கெடுக்கணும்?"

ஜவஹர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அடுத்த வாரம் மதுரைக்குப் போகணும். காரை இங்கதான் விட்டுட்டுப் போறேன். உன் துணியை... அதுலயே காயப் போடறியா?"

"அதுக்கென்ன, தாராளமா. ஆனா போறதுக்கு முன்னாடி உங்க வேட்டி, போர்வை நாலு குடுத்துட்டுப் போங்க."

"எதுக்கும்மா?"

"எங்க வீட்ல இருக்கறதே ரெண்டு பேர். தினம் அவ்வளவு துணி எங்கண்ணே அழுக்காகும்? துவைச்சு மடிச்சு பீரோவுல வச்சதைத்தான் எடுத்து எடுத்து நனைச்சுப் போட்டேன்."