கோணலாக ஒட்டிய விலை

“என்ன விலை போடட்டும் சார்?”

கேட்டது கடைக்காரர். பதில் சொல்ல வேண்டியவன், செருப்பு வாங்க வந்தவன்.

அவன் ஒருமுறை திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டான். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தெரிந்த முகம் எதுவும் இல்லை. ஆனாலும் குரல் தானாக இறங்கியது.

“அறுநூறு.”

செருப்பின் உண்மையான விலை இரண்டாயிரத்துச் சொச்சம். தடித்த, மெத்தென்ற அடிப்பாகம். வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நிற்பதற்கென்றே செய்தது.

டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். குதிகாலை அமுக்கிப் பார்த்துவிட்டு, நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலையா என்று கேட்டார். ஆமாம் என்றான். என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. பிழைத்தான்.

சமையல் மேடை, சலவை மிஷின், மொட்டை மாடிக் கொடி, ஸ்கூல் வேன் நிற்கும் தெருமுனை. இதுதான் அவனுடைய ஆபீஸ்.

இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவனும் மனைவியும் உட்கார்ந்து பேசினார்கள். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் அவன் சம்பளம் அப்படியே அந்த ஆளுக்குப் போகும். அவள் சம்பளம் பெரியது. அவன் வேலையை விட்டான். அதில் இருவருக்கும் வருத்தமில்லை.

அவளுடைய அண்ணனுக்குத்தான் ஆறவில்லை. வரும்போதெல்லாம் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பார்.

“வீட்ல சும்மா இருக்கிற ஆளுக்கு எப்படி மாப்ள குதிகால் வலி வருது?”

எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரித்துவிட்டு, குதிகாலை ஊன்றாமல் காபி போட எழுந்து போவான்.

அவள் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளினிக்காகப் படியேறி இறங்குகிறவள். சம்பளம் வந்த அன்றே வீட்டுச் செலவுக்கான பணம் அவன் கணக்குக்கு வந்துவிடும். எதற்குச் செலவானது, ஏன் ஆனது என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை.

அந்தக் கேட்காத வாய்க்குத்தான் அவன் பயந்தான்.

அவள் கால் தேய்ந்து வந்த காசு. அதில் வாங்கிய கத்தரிக்காயில் ஒன்று சொத்தையாக இருந்தாலே அவனுக்கு அன்று முழுக்க உறுத்தும். அதில் தனக்கென்று இரண்டாயிரத்துக்குச் செருப்பா? மனசு ஒப்பவில்லை. மூன்று வாரம் வலியோடு நின்று பார்த்தான். வலி ஜெயித்தது.

இந்தக் கடையில் இப்படியொரு வசதி உண்டு என்பது வேனுக்குக் காத்திருக்கும் அம்மாக்கள் பேசிக்கொண்டபோது காதில் விழுந்தது. காசை முழுசாக வாங்கிக்கொள்வார். பெட்டியின் மேல் நாம் சொல்கிற விலையை ஒட்டித் தருவார்.

கடைக்காரர் விலை ஒட்டும் மிஷினில் எண்களைத் திருப்பினார்.

“எதுக்கு சார் கூச்சம்? வாங்கிட்டுப் போற பொருளை வாசல்லயே மடக்கி, எவ்வளவுன்னு கேக்குற ஆளு பாதி வீட்ல இருக்கு. பாவம், லேடீஸ்தான் வந்து இப்படி ஒட்டச் சொல்லுவாங்க. ஆம்பளைங்கள்ல நீங்கதான் போணி.”

டக்.

ஸ்டிக்கர் விழுந்தது. கோணலாக.

அவன் கை தன்னால் நீண்டது, நகத்தால் தூக்கி நேராக ஒட்ட. எதையும் கோணலாக விட்டுப் பழகாத கை.

“தொடாதீங்க சார். நேரா ஒட்டினா மாட்டிக்குவீங்க. ஆஃபர் ஸ்டிக்கர்னா அவசரத்துல ஒட்டின மாதிரி இருக்கணும். அடியில பழைய ஸ்டிக்கரோட ஓரம் லேசா எட்டிப் பாக்கணும். அப்பதான் நம்புவாங்க.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

வீட்டில், துணி அலமாரியின் கீழ்த்தட்டில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. குழந்தைகளின் சாக்ஸ் போட்டு வைத்திருக்கிறான். தினமும் காலையில் அவன் திறக்கிற பெட்டி. அதன் பக்கவாட்டில் ஐந்நூறு என்று ஒரு ஸ்டிக்கர்.

கோணலாக. அடியில் மெல்லிய வெள்ளை ஓரம்.

அவளுடைய கறுப்பு ஷூ வந்த பெட்டி.

அன்று மழை. கதவைத் திறந்தவன் கண்ணில் முதலில் பட்டது அவள் கையிலிருந்த பைதான். குடையை மடக்கக்கூட விடவில்லை, எவ்வளவு என்று கேட்டான். அவள் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். இப்போதுதான் உனக்குப் பார்த்து வாங்கத் தெரிகிறது என்று அவன் பாராட்டினான். அக்கம்பக்கத்தில்கூட அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான். அவள் மட்டும் சிரிக்காமல் கால் கழுவ உள்ளே போய்விட்டாள்.

அவன் நிமிர்ந்தான். எதிரே பெண்களுக்கான அலமாரி. மேலிருந்து இரண்டாவது தட்டில் அதே கறுப்பு ஷூ. முன்னால் மாட்டியிருந்த விலைச்சீட்டு நேராக இருந்தது.

அதை இரண்டு முறை படித்தான்.

பிறகு செருப்புப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். கோணலாக இருந்த ஸ்டிக்கரின் ஒரு முனையை நகத்தால் தூக்கி, கிழியாமல் மெதுவாக உரித்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பளிச்சென்று வெளியே வந்தது.

கடைக்காரர் மிஷினைக் கீழே வைத்தார். “என்ன சார் இது? வீட்ல கேட்டா என்ன சொல்வீங்க?”

“அவ கேக்க மாட்டா,” என்றான் அவன். “எங்க வீட்ல வாசல்ல நின்னு கேக்குற ஆளு நான்தான்.”