வராத குப்பை வண்டி

தைனான் நகரில் எங்கள் சந்து மொத்தமும் கையில் குப்பைப் பையோடு நின்றது. பாட்டுப் பாடிக்கொண்டு வரவேண்டிய குப்பை வண்டியைக் காணோம். பையை வாசலில் வைத்துவிட்டுப் போனால் அபராதம்.

அந்த நேரம் பார்த்து மாநகராட்சிப் பெண் யூதிங் வந்தாள். விடுவோமா?

"ஏம்மா, ஊரைப் பாத்துக்குற லட்சணமா இது?" என்று பாய்ந்தார் மீன்கடை சியூஃபெங்.

"மன்னிச்சுக்குங்கக்கா. வேற என்ன குறை இருக்கு?"

"ஒண்ணா ரெண்டா? பூங்கால விளக்கு எரியல. பெஞ்சு ஒடஞ்சு கெடக்கு!"

"நடைபாதை பூரா ஸ்கூட்டர்," என்றார் எதிர்வீட்டு ஆகுன்.

"அதுல ரெண்டு ஒங்களுதுதானே!" என்றார் சியூஃபெங்.

"அதான் சொல்றேன், நிறுத்த எடம் குடுங்க!" என்று யூதிங் பக்கம் திரும்பினார் ஆகுன்.

ஆளாளுக்குக் கத்தினோம். யூதிங் எல்லாவற்றையும் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டாள்.

"அப்ப மொதல்ல விளக்கு, அப்புறம் பெஞ்சு, அப்புறம் ஸ்கூட்டருக்கு எடம். சரியா?"

"சரி!" என்றோம் ஒரே குரலில்.

அவள் சற்றுத் தள்ளிப் போய்க் கைப்பேசியில் யாரையோ அழைத்தாள்.

"அண்ணே, குடியிருப்போர் கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. மண்டபத்துல டீ, பலகாரம் வெச்சுக் கூப்பிட்டப்ப ஒருத்தர்கூட வரல. இன்னிக்கு ஒருத்தர் பாக்கியில்ல. இப்ப வண்டிய எடுங்க."

மறுநொடியே தெருமுனையில் பாட்டு கேட்டது.